பழைய பாய்மரப் படகு: உட்சுவர் வினைலை உரித்தாயிற்று. இனி பெயிண்டா, மறுபடி வினைலா?

#1 ஒற்றைப்பாய்

எல்லோருக்கும் வணக்கம். 1978-இல் கட்டிய முப்பது அடி ஃபைபர் கிளாஸ் படகு ஒன்று போன வருடம் கைக்கு வந்தது. பாய், கயிறு, எஞ்சின் எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிட்டன. உள்ளே இறங்கினால்தான் மனசு கெடுகிறது.

பக்கச் சுவரிலும் கூரையிலும் ஃபோம் வைத்த வெள்ளை வினைல் ஒட்டியிருந்தார்கள். அது அங்கங்கே வயிறு தள்ளித் தொங்கியது. படுக்கைக்கு மேலே தொங்கிய ஒரு ஓரத்தைச் சும்மா பிடித்து இழுத்தேன். மூன்றடி நீளத்துக்கு அப்படியே கையோடு வந்துவிட்டது. பின்னால் இருந்த ஃபோம் மஞ்சள் தூளாகத் தலை, தலையணை, வாய் எல்லாவற்றிலும் கொட்டியது. கோபத்தில் அன்றே முழுவதையும் உரித்துப்போட்டேன்.

இப்போது வெறும் ஃபைபர் கிளாஸ் சுவர்தான் இருக்கிறது. அதன்மேல் பழைய பசை பழுப்புத் திட்டுகளாக அப்பியிருக்கிறது. சில இடத்தில் காய்ந்து பொருக்காகிவிட்டது, சில இடத்தில் இன்னமும் விரலில் ஒட்டுகிறது. குறுக்குச் சுவர்கள் தேக்கு வெனீர் ஒட்டிய பிளைவுட். வார்னிஷ் மஞ்சளாகிவிட்டது. ஜன்னல்களுக்குக் கீழே கண்ணீர் வடிந்த மாதிரி கறுப்புக் கறை.

பசையை எதைக்கொண்டு எடுப்பது? மறுபடி வினைலே ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். இரண்டு வார இறுதியில் முடிந்துவிடும், இல்லையா?

#2 கடைசிமுடிச்சு

இரண்டு வார இறுதி சரி. எந்த வருடத்து வார இறுதி என்று நீங்கள் சொல்லவில்லையே.

#3 பழையநங்கூரம்

கேலி இருக்கட்டும், அவர் சொன்னதில் உண்மையும் இருக்கிறது. தம்பி, நான் இதுவரை இரண்டு படகுக்கு உட்புறம் செய்திருக்கிறேன். முதல் படகுக்கு இரண்டு தடவை செய்தேன். அதனால் மொத்தம் மூன்று என்றும் சொல்லலாம். ஏன் இரண்டு தடவை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை நீங்கள் நினைக்கிற மாதிரியேதான் செய்தேன். சுரண்டினேன், துடைத்தேன், புது வினைல் ஒட்டினேன். பார்க்கக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்தபோது ஒரு மூலையில் மெத்தென்று இருந்தது. அழுத்தினால் உள்ளே தண்ணீர் நகர்ந்தது. ஃபோம் பஞ்சு மாதிரி குடித்துவைத்திருந்தது. ஒழுகிய இடம் எது தெரியுமா? அந்த மூலையிலிருந்து ஐந்தடி தள்ளி, மேல்தளத்துக் கைப்பிடியின் ஒரு ஸ்க்ரூ. தண்ணீர் கூரைக்கும் வினைலுக்கும் நடுவே நடந்து வந்து, தனக்குச் சௌகரியமான இடத்தில் இறங்கியிருக்கிறது.

உங்கள் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் கறுப்புக் கறைதான் இந்த இழையின் உண்மையான விஷயம். மீதியெல்லாம் அலங்காரம். இப்போது எல்லாம் திறந்து கிடக்கிறது. இப்படிப் பார்க்கிற வாய்ப்பு நாற்பது வருடத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். பசையை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒழுகலைத் தேடுங்கள்.

உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார வேண்டும். மேலே ஒருவர் தண்ணீர்க் குழாயோடு நிற்க வேண்டும். பீய்ச்சி அடிக்காமல், மழை மாதிரி மெதுவாக விடுங்கள். தாழ்ந்த இடத்தில் தொடங்கி மேலே போங்கள். மேல்தள ஓர வேலியின் ஒவ்வொரு தூணடிக்கும், ஒவ்வொரு ஜன்னலுக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். மேலேயிருந்து தொடங்கினால் வழிந்து வருகிற தண்ணீர் எல்லா ஓட்டையையும் ஒன்றாகக் காட்டிக் குழப்பிவிடும். உள்ளே ஸ்க்ரூ முனைகளைச் சுற்றி டிஷ்யூ தாளை மாஸ்கிங் டேப்பால் ஒட்டி வையுங்கள். ஒரு சொட்டு பட்டாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

#4 தையல்கூடம்

நான் படகு மெத்தை, உள்விரிப்பு தைக்கிறவள். வினைலை எல்லோரும் திட்டும்போது கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது, ஆகவே ஒரு வார்த்தை.

தொங்கியது வினைலின் குற்றம் இல்லை. பின்னால் இருக்கும் பாலியூரிதேன் ஃபோம் ஈரத்திலும் சூட்டிலும் மெல்ல மெல்லச் சிதைந்துவிடும். அதற்கும் ஒரு ஆயுள்தான். வினைல் நன்றாகவே இருந்திருக்கும், பிடித்துக்கொள்ள ஃபோம் இல்லாமல் கீழே வந்திருக்கும். நாற்பது வருடம் உழைத்த பொருளை நான் மட்டம் என்று சொல்ல மாட்டேன். வளைந்த சுவரில் மேடு பள்ளத்தை மறைக்க அதைவிடச் சுலபமான வழியும் கிடையாது.

திரும்ப ஒட்டுவதாக இருந்தால் இரண்டு சொல்கிறேன். பசை சூடு தாங்கும் காண்டாக்ட் பசையாக இருக்க வேண்டும். மதிய வெயிலில் மேல்தளத்துக்கு அடிப்பக்கம் எவ்வளவு சுடும் என்று கையை வைத்துப் பாருங்கள். சாதாரணப் பசை அந்தச் சூட்டில் இளகிவிடும். இன்னொன்று, பழைய பசைமேல் புதுப் பசை போடாதீர்கள். புதுசு பழசைத்தான் பிடிக்கும், பழசு சுவரை விட்டால் இரண்டும் சேர்ந்து வரும்.

ஆனால் பழையநங்கூரம் அண்ணன் சொன்ன ஒழுகல் விஷயத்தில் மறுபேச்சு இல்லை. முழுசாக ஒட்டுவதைவிட, மெல்லிய பிளைவுட் பலகைகளில் வினைலைப் போர்த்தி, ரீப்பரில் ஸ்க்ரூ போட்டு மாட்டிவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் பார்க்கலாம். நான் இப்போதெல்லாம் கூரைக்கு அப்படித்தான் செய்துகொடுக்கிறேன்.

#5 ஒற்றைப்பாய்

இரண்டு நாள் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். மைத்துனர் மேலே, நான் உள்ளே. நாலு ஜன்னலில் மூன்று ஒழுகுகின்றன. ஒரு தூணடி ஒழுகுகிறது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பார்க்காதது ஒன்று. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பி, வலப்பக்கம் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து, குறுக்குச் சுவரில் போல்ட் போட்ட செயின் பிளேட் என்கிற உலோகப் பட்டையில் முடிகிறது. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் சுவரில் நேராக இறங்கியது. வெனீர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, லேசாக ஒரு அலை மட்டும். சந்தேகத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையால் போல்ட்டுக்குக் கீழே அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது முனையில் கறுப்பாக, ஈரமாக, மூக்குப்பொடி மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

இது எவ்வளவு மோசம்?

#6 உளிச்சத்தம்

பாய் விரிப்பதை உடனே நிறுத்துங்கள். உங்கள் கேள்வி இனிமேல் பெயிண்டா வினைலா என்பது இல்லை.

அந்தக் குறுக்குச் சுவரை அறையைப் பிரிக்கிற தட்டி என்று நினைக்காதீர்கள். காற்று பாயைத் தள்ளும்போது வருகிற முழு இழுவையும் அந்தக் கம்பி வழியாக அந்தச் செயின் பிளேட்டுக்கு வந்து, அங்கிருந்து சுவர் வழியாகப் படகின் உடலுக்குப் போகிறது. உளுத்த மரத்தில் போல்ட் பிடிக்காது. என்றைக்காவது நல்ல காற்றில் பிடுங்கிக்கொண்டால் பாய்மரமே சாயும்.

செய்ய வேண்டியது இது. முதலில் ஒரு பிளாஸ்டிக் சுத்தியலின் பின்பக்கத்தால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கணீரென்று சொல்லும், கெட்டது தொப்பென்று. எல்லையைப் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே இன்னும் ஒரு சாண் கெட்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரைப் படகின் உடலோடு இணைக்கும் ஃபைபர் கிளாஸ் பட்டை ஓரங்களில் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய படகுகளில் அது மரத்திலிருந்து உரிந்து நிற்பது சகஜம்.

அந்த இடத்தில் எபாக்ஸிப் பிசினை ஊசியால் ஏற்றிச் சரிபண்ணலாம் என்று யாராவது சொல்வார்கள். ஈர மரத்தில் எபாக்ஸி ஊறாது. ஊறினாலும் அந்தச் சுமைக்கு ஆகாது. நான் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

சுவரை மாற்றுங்கள். பழையதை உடைக்காமல் வெட்டி எடுங்கள், அதுவேதான் புதுசுக்கு அச்சு. அதற்கு முன் பாய்மரத்தை இறக்கிவிடுங்கள், படகு கரையில் நன்றாக முட்டுக்கொடுத்து நிற்கட்டும். சுவர் இல்லாதபோது உடல் லேசாக விரியும், சுருங்கும். குறுக்கே ஒரு கட்டையை அளவாக வெட்டி முட்டு வையுங்கள்.

இன்னொரு சிக்கல் வரும். முழுச் சுவர் வாசல் வழியாக உள்ளே போகாது. படகு கட்டும்போது மேல்தளம் மூடுவதற்கு முன்பே சுவரை இறக்கிவிடுவார்கள். ஆகவே இரண்டு துண்டாகக் கொண்டுபோய் உள்ளே இணைக்க வேண்டும். இணைப்பைச் சரிவாகச் சீவி ஒட்டுங்கள். கனத்தைப் போல எட்டு மடங்கு நீளச் சரிவு. 12 மி.மீ. பிளைவுட் என்றால் கிட்டத்தட்ட 10 செ.மீ. பிளைவுட் பி.எஸ். 1088 முத்திரை உள்ள மரைன் ரகமாக இருக்கட்டும். உடலோடு சேருகிற ஓரத்தில் பலகையை முட்டவிடாதீர்கள், கொஞ்சம் இடைவெளி விட்டு ஃபோம் பட்டை வையுங்கள். மரம் நேராக முட்டினால் வெளியே உடலில் ஒரு மேடு தெரியும், அந்த இடத்தில் ஃபைபர் கிளாஸ் களைத்துப்போகும். மூலையை எபாக்ஸிப் பட்டியால் வளைவாக நிரப்பி, அதன்மேல் ஃபைபர் கிளாஸ் துணி, ஒன்றைவிட ஒன்று அகலமாக.

#7 ஒற்றைப்பாய்

வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டீர்கள். ஆனாலும் நன்றி. பாய்மரத்தை இறக்க ஏற்பாடு செய்துவிட்டேன். சுவர் வேலைக்குக் கைப்பழக்கம் உள்ள ஒருவரோடு சேர்ந்து இறங்குகிறேன். அதற்கிடையே பசையாவது எடுக்கலாமா?

#8 அலைவரிசை

எடுக்கலாம். எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் வேதியியல் படித்தவன், அதனால் கொஞ்சம் பயமுறுத்துவேன்.

பெயிண்ட் உரிக்கும் திரவங்களில் மெத்திலீன் குளோரைடு கலந்தது இருந்தால் தொடாதீர்கள். அது ஃபைபர் கிளாஸைப் பிடித்துவைத்திருக்கும் பாலியெஸ்டர் ரெசினையே தின்னும். பசை போகும், சுவரும் சேர்ந்து போகும். அசிட்டோன் பசையைக் கரைக்கும், ஆனால் கரைத்து முடிப்பதற்குள் ஆவியாகிவிடும். கந்தலில் நனைத்துத் திட்டின்மேல் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாளால் ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். பிறகு தகட்டால் வழித்தால் கூழாக வரும். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்த திரவங்கள் மெதுவானவை, நெடி குறைவு. ஆனால் அவை எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும், கடைசியில் நன்றாகக் கழுவ வேண்டும்.

அசிட்டோன், தின்னர், காண்டாக்ட் பசை, எல்லாவற்றின் ஆவியும் காற்றைவிடக் கனமானது. படகுக்குள் அது வாசல் வழியாக வெளியேறாது. கீழே பில்ஜில், அதாவது படகின் அடிக்குழியில், இறங்கித் தங்கும். அங்கேதான் தானியங்கி பம்பின் சுவிட்ச் இருக்கிறது. பம்ப் தட்டினால் ஒரு பொறி போதும். வேலைக்கு முன் பேட்டரியின் மெயின் சுவிட்சை அணையுங்கள், பம்பை நேராக பேட்டரியில் இணைத்திருந்தால் அதையும் கழற்றுங்கள். காற்றை உள்ளே ஊதுவதைவிட, குழாய் வைத்துப் பில்ஜிலிருந்து வெளியே இழுப்பது நல்லது. அந்த விசிறி மோட்டாரும் பொறி விடாத ரகமாக இருக்க வேண்டும். ஹீட் கன்னும் தின்னரும் ஒரே நாளில் கூடவே கூடாது.

தூசிக்குத் துணி மாஸ்க் உதவாது. சுவரைத் தேய்க்கும்போது பறப்பது கண்ணாடி இழை. பி-3 அல்லது பி-100 ஃபில்ட்டர் உள்ள ரப்பர் முகமூடி வேண்டும். ஆவிக்குத் தனி கார்ட்ரிட்ஜ், தூசி ஃபில்ட்டர் ஆவியைத் தடுக்காது. மிகப் பழைய மரப் படகுகளில் ஈயம் கலந்த பெயிண்டும், எஞ்சின் அறையில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். உங்கள் எஞ்சின் பக்கத்தில் பழைய பலகையோ கயிறோ இருந்தால் சோதிக்காமல் தேய்க்க வேண்டாம்.

#9 கடைசிமுடிச்சு

என் அனுபவம்: ட்ரில்லில் கிண்ணக் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால் காய்ந்த பசை பறக்கும். ஒட்டுகிற பசை பிரஷில் சுருண்டுகொள்ளும். ஆகவே இளகியதைத் தகட்டால், காய்ந்ததை பிரஷால். தேய்க்கும் முன் கையிலும் கழுத்திலும் முகப்பவுடர் பூசிக்கொள்ளுங்கள். முடிந்ததும் பச்சைத்தண்ணீரில் குளியுங்கள், வெந்நீர் வேண்டாம். நான் முதல் நாள் வெந்நீரில் குளித்துவிட்டு இரவு முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தேன்.

#10 ஒற்றைப்பாய்

பசை போய்விட்டது. பதினொரு நாள் ஆனது. இரண்டு வார இறுதி என்று எழுதிய ஆளை இப்போது பார்த்தால் நானே அடிப்பேன்.

சுத்தமான சுவரைப் பார்த்ததும் வினைல் ஆசை போய்விட்டது. பெயிண்ட் அடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் சுவர் முழுக்க ஃபைபர் கிளாஸ் துணியின் நெசவு தெரிகிறது, மேடு பள்ளம் வேறு. அப்படியே அடித்தால் அசிங்கமாக இருக்குமா?

#11 பழையநங்கூரம்

எங்கே கண் படும், எங்கே படாது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அலமாரிக்குள், படுக்கைக்கு அடியில், பில்ஜில் எல்லாம் நெசவு தெரிந்தால் யாருக்கு நஷ்டம்? அங்கே சுத்தம் செய்து நேராக பெயிண்ட். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வருகிற இடத்துக்கு மட்டும் பட்டி பாருங்கள். முழுப் படகையும் கண்ணாடி மாதிரி ஆக்கப் போனவர்கள் பாதியில் படகை விற்றிருக்கிறார்கள்.

பட்டிக்கு எபாக்ஸியில் மைக்ரோபலூன் (உள்ளே வெற்றிடமான நுண்ணிய உருண்டைத் தூள்) கலந்தால் லேசாக இருக்கும், உப்புத்தாளுக்கு நன்றாக வழங்கும். ஆனால் அது மட்டும் போட்டால் கூரையிலிருந்து மெல்ல வழிந்து தாடி விடும். கொஞ்சம் சிலிக்கா தூள் சேருங்கள், நிற்கும். சிலிக்கா கூடிப்போனால் கல்லாகிவிடும், தேய்க்கத் தோள் போகும். ரெசினையும் ஹார்ட்னரையும் முதலில் தனியாக நன்றாகக் கலக்கி, பிறகுதான் தூள். கலந்ததைக் குவளையில் வைத்திருக்காமல் அகலமான தட்டில் பரப்புங்கள். குவியலாக இருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைவிடும். நான் ஒரு தடவை பிளாஸ்டிக் குவளை உருகி மடியில் ஊற்றிக்கொண்டேன்.

எபாக்ஸி இறுகியதும் மேலே மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு படியும். உப்புத்தாள் போடுவதற்கு முன் அதைத் தண்ணீரும் நார்ப் பட்டையும் வைத்துக் கழுவுங்கள். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகை உள்ளே தேய்த்து ஏற்றுகிறீர்கள், பெயிண்ட் பின்னால் உரியும். பிறகு 80 நம்பர் தாள், அப்புறம் 120. அதற்குமேல் வேண்டாம், பிரைமர் பிடிக்கக் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கட்டும்.

பளபளப்பு பெயிண்ட் வேண்டாம். ஒவ்வொரு குழியையும் விளக்குப் போட்டுக் காட்டும். அரைப் பளபளப்பான சாட்டின் போதும்.

#12 அலைவரிசை

பெயிண்ட் ரகம் பற்றி ஒன்று. வெளியே அடிக்கும் இரண்டு பாக பாலியூரிதேன் கடினமானதுதான். ஆனால் அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்குழாயை ஒரேயடியாக ஒவ்வாமைக்குப் பழக்கிவிடும். மூடிய அறைக்குள் அதை ஸ்ப்ரே செய்வதை நினைக்கவே வேண்டாம். அதற்கு வெளிக்காற்று ஊட்டும் முகமூடி வேண்டும், கார்ட்ரிட்ஜ் போதாது. உள்ளே வெயில் இல்லை, கயிறு உரசுவதில்லை. எபாக்ஸி பிரைமர் மேல் நல்ல அக்ரிலிக் தண்ணீர்ப் பெயிண்ட் இரண்டு கோட் ரோலரில் அடித்தால் வருடக்கணக்கில் நிற்கும். மறுபடி ஒரு இடத்தைத் தொட்டு அடிப்பதும் சுலபம், அன்று இரவே உள்ளே படுக்கலாம்.

#13 உளிச்சத்தம்

இதை நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அடுப்புக்குப் பின்புறம், கழிப்பறைச் சுவர், இந்த இரண்டிலும் தண்ணீர்ப் பெயிண்டைத் தினமும் துடைத்துத் துடைத்துத் தேய்த்துவிடுவோம். அங்கே இரண்டு பாகப் பெயிண்டைப் படகு திறந்திருக்கிற நாளாகப் பார்த்து பிரஷில் அடிப்பேன். மற்ற இடத்துக்கு உங்கள் கட்சிதான்.

எபாக்ஸியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. நான் பத்து வருடம் வெறுங்கையால் குழைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. பதினோராவது வருடம் ஒருநாள் கை வீங்கியது, கண் மூடிக்கொண்டது. இப்போது பக்கத்து அறையில் யாராவது டின் திறந்தாலே எனக்குத் தெரிந்துவிடும். அது வந்தால் போகாது.

#14 கூரைத்துளி

நான் படகிலேயே வசிக்கிறவன், என் கவலை வேறு. ஒற்றைப்பாய், வினைல் ஃபோம் போனதும் உங்கள் சுவர் வெறும் ஒற்றைத் தோல். குளிர்ந்த இரவில் நீங்கள் விடுகிற மூச்சு முழுக்க அதில் படிந்து காலையில் தலையில் சொட்டும். ஒழுகல் எல்லாம் அடைத்தபிறகும் "எங்கேயோ ஒழுகுகிறது" என்று தேடுவீர்கள். கேஸ் அடுப்பும் சேர்ந்துகொள்ளும். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது.

நான் பக்கச் சுவருக்கு மூடிய கண் உள்ள ரப்பர் ஃபோம் ஒட்டியிருக்கிறேன். மூடிய கண் என்றால் தண்ணீர் குடிக்காத ரகம், உங்கள் பழைய ஃபோமுக்கு நேர் எதிர். சுவருக்கும் அதற்கும் நடுவே காற்று இருக்கக் கூடாது. இருந்தால் அங்கே வியர்த்து, நமக்குத் தெரியாமலே பூஞ்சணம் பிடிக்கும். அதன்மேல் மெல்லிய ரீப்பர்களை நெடுக்காக, விரல் அகலம் இடைவெளி விட்டு அடித்தேன். காற்று போகிறது, மெத்தை சுவரைத் தொடுவதில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே ஒன்றும் ஒட்டவில்லை. வால்வுகளும் குழாய் வாய்களும் எப்போதும் கண்ணில் படவேண்டும்.

ரீப்பரை உடலில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தாதீர்கள். குறுக்குச் சட்டங்களை எபாக்ஸியில் ஒட்டி, அந்தச் சட்டத்தில்தான் ஸ்க்ரூ. ட்ரில் பிட்டில் ஆழத்துக்கு அளவாக டேப் சுற்றிக்கொள்ளுங்கள். நான் கூரையில் சுற்றாமல் போட்டேன். மேலே ஏறிப் பார்த்தால், மேல்தளத்தில் ஸ்க்ரூ முனை ஒன்று வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

#15 தையல்கூடம்

கூரைத்துளி அண்ணா, அந்த ஸ்க்ரூவைக் காலால் கண்டுபிடிக்காமல் விட்டீர்களே, அதுவரை சந்தோஷம்.

#16 ஒற்றைப்பாய்

ஒரு தப்பு செய்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். நன்றாக இருக்கிற இடப்பக்கக் குறுக்குச் சுவரின் வார்னிஷை எடுக்க ஆர்பிட்டல் சாண்டர் வைத்தேன். 80 தாள். பழைய வார்னிஷ் வெள்ளைத் தூளாகப் பறந்து, தேக்கு பொன் நிறமாக வெளியே வந்தது. சந்தோஷத்தில் ஒரு இடத்தில் இரண்டு விநாடி கூடுதலாக நிறுத்திவிட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு ரேகை மறைந்து, வெளிறிய வேறொரு மரம் எட்டிப் பார்த்தது. வெனீரைத் தாண்டிப் பிளைவுட்டுக்குள் போயிருக்கிறேன்.

#17 உளிச்சத்தம்

அந்த வெனீர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் மெஷின் வைக்கவே கூடாது. கையால், கட்டை வைத்து, 120-இல் தொடங்கி 180, 220, ரேகையோடு மட்டும். இன்னும் நல்லது, கூர் சீவிய தகட்டுச் சுரண்டி. வார்னிஷ் சுருள் சுருளாக வரும், மரம் வராது.

போன இடத்தில் ரேகையை வரைந்து சரிபண்ணலாம் என்பார்கள். தூரத்திலிருந்து ஏமாற்றும், வெளிச்சம் மாறினால் தெரியும். ஒன்று புது வெனீர், இல்லை ஒரு அலமாரித் தட்டை அந்த இடத்தில் மாட்டிவிடுங்கள். மூன்றாவது வழியும் உண்டு. குறுக்குச் சுவர் முழுவதையும் வெள்ளை அடித்துவிட்டு, விளிம்புச் சட்டம், கதவு, கைப்பிடி மட்டும் வார்னிஷில் விடுவது. அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நதானியல் ஹெரஷாஃப் (1848-1938) பெயரால் இன்றைக்கும் இந்தப் பாணியைச் சொல்வார்கள். சின்ன ஜன்னல் உள்ள அறைக்கு அது கொடுக்கிற வெளிச்சத்தைத் தேக்குச் சுவர் கொடுக்காது. தேக்கை மறைப்பது பாவம் என்று சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

ஜன்னலுக்குக் கீழே கறுப்புக் கறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். மரத்தின் துவர்ப்புச் சத்தும் துருவும் ஈரத்தில் சேர்ந்தால் அந்தக் கறுப்பு வரும். தேய்த்து எடுக்கப் போனால் வெனீர் போய்விடும். ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, கறை மட்டுமல்லாமல் பலகை முழுக்கத் தடவுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். காய்ந்தபின் இரண்டு மூன்று தடவை கழுவித் துடையுங்கள். விஷம், கையுறை போடுங்கள். காய்ந்த பொடியை மூச்சில் இழுக்காதீர்கள்.

வார்னிஷ் போடுவதற்கு முன் தேக்கை அசிட்டோன் துணியால் ஒரு துடைப்பு. மேலே கசிந்திருக்கும் எண்ணெய் போனால்தான் பிடிக்கும். எண்ணெய் பூசுகிற ஆளாக இருந்தால் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், இல்லை தண்ணீரில் போடுங்கள்.

#18 ஒற்றைப்பாய்

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன்.

குறுக்குச் சுவர் புதுசு. உள்ளே இரண்டு துண்டாகக் கொண்டுபோய் ஒட்டினோம். செயின் பிளேட்டுகளை வெளியே எடுத்துப் பார்த்தால், மேல்தளத்துக்குள் மறைந்திருந்த இடத்தில் ஒன்றில் மயிரிழை விரிசல். இரண்டையும் மாற்றிவிட்டோம். ஜன்னல்களையும் தூண்களையும் கழற்றி, ஸ்க்ரூ துளைகளைப் பெரிதாக்கி, மேல்தளத்தின் இரண்டு ஃபைபர் கிளாஸ் அடுக்குக்கு நடுவே ஈரமாகியிருந்த பால்சா மரத்தைச் சுரண்டி எடுத்து, எபாக்ஸி நிரப்பி, அதன் நடுவில் மறுபடி துளை போட்டோம். இனி ஒழுகினாலும் தண்ணீர் பால்சாவுக்குப் போகாது. அடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ப்யூட்டில் ரப்பர் டேப். இதில்தான் பாதி நாள் போனது.

பக்கச் சுவரில் கூரைத்துளி சொன்ன மாதிரி ரப்பர் ஃபோம், மேலே ரீப்பர். குறுக்குச் சுவர்கள் சாட்டின் வெள்ளை, விளிம்பில் மட்டும் தேக்கு. உள்ளங்கைத் தழும்பு பெயிண்டுக்குள் போய்விட்டது. அலமாரிக்குள் நெசவு தெரிகிறது. அதைப் பார்த்துக் குறை சொன்னவர் இதுவரை நான் மட்டும்தான். கூரைக்குத் தையல்கூடம் அக்கா சொன்ன பலகைகள், வினைல் போர்த்தி, ஒவ்வொன்றுக்கும் ஆறு ஸ்க்ரூ.

வினைலுக்கு நூறு கெட்ட வார்த்தை சொன்ன நான் கடைசியில் கூரையில் வினைல்தான் போட்டிருக்கிறேன், அக்கா. மன்னிக்கவும்.

#19 தையல்கூடம்

மன்னித்தாயிற்று. ஸ்க்ரூவுக்குக் கீழே வாஷர் போட்டீர்களா? போடாவிட்டால் தலை வினைலைக் கிழித்துக்கொண்டே போகும்.

#20 பழையநங்கூரம்

செயின் பிளேட் விரிசலைப் பார்த்ததற்காகவே இந்த ஐந்து மாதம் தகும் தம்பி. மழை வந்ததா?

#21 ஒற்றைப்பாய்

அக்கா, கிண்ண வாஷர் போட்டிருக்கிறேன்.

அண்ணே, நேற்றிரவு நல்ல மழை. உள்ளேயே படுத்திருந்தேன். ஜன்னல்கள் காய்ந்தே இருந்தன. செயின் பிளேட் துளையைச் சுற்றி வைத்த டிஷ்யூ தாளும் அப்படியே. விடியற்காலையில் நாலாவது பலகையின் ஓரத்தில் ஒரு சொட்டு. படுத்தபடியே ஆறு ஸ்க்ரூவைக் கழற்றிப் பலகையை இறக்கினேன், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கைப்பிடியின் மூன்றாவது ஸ்க்ரூ. அந்தக் கைப்பிடியை மட்டும் சோம்பேறித்தனத்தில் கழற்றாமல் விட்டிருந்தேன்.

பலகை இப்போது மெத்தைமேல் கிடக்கிறது. வெயில் வந்ததும் மேலே ஏறுகிறேன்.

#22 கடைசிமுடிச்சு

ட்ரில் பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.